கமான் பட்டை கழற்றிய கோடை

மார்ச் 10, 2025, திங்கள்

மாலை டயானா கன்னியர் மடத்திலிருந்து பேசினாள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அவள் துறவு வாக்குக் கொடுக்கும் சடங்குக்கு, நாள் குறித்துவிட்டார்களாம். மே 24, திருச்சியில்.

"அப்பா வரலன்னா பரவால்லம்மா. வீட்லேருந்தே ஜெபம் பண்ணட்டும்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததை மறந்துவிட்டேன். கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தாறு வருடம் ஊர் ஊராகப் பஸ் ஓட்டிய மனுஷர். முதுகெலும்பு டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடிவதில்லை. ரயில் இல்லை, பஸ் இல்லை, லாட்ஜ் படிக்கட்டு இல்லை. முண்டியம்பாக்கம் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: "படுத்துக்கினு போகலாம், அடிக்கடி எறங்கணும், குலுக்கல் மட்டும் கூடாது."

குலுங்காமல் போவதற்கு நம் ஊரில் என்ன இருக்கிறது?

மார்ச் 16, ஞாயிறு

தொம்மை ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இவருடைய தம்பி. பொலிரோ வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார்.

"சக்கரம் வெச்ச வீடு, அண்ணி! பாண்டியில ஒருத்தர் ஊர் சுத்தறதுக்குக் கட்டினது. ஃபாரின் போறார்னு வித்துட்டார்."

உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, மூலையில் கதவு போட்ட சின்ன அறையில் வெஸ்டர்ன் டாய்லெட். அந்த டாய்லெட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓடும்போது இந்த ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஆகவே இவர் பொலிரோவின் பின்பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்து வருவார். நிற்கிற இடத்தில் இறங்கி ட்ரெய்லரில் படுக்கலாம், மற்றதையும் பார்த்துக்கொள்ளலாம். சொந்த மகள் திருமணத்துக்குக்கூட இப்படி ஒரு மைத்துனர் யோசிப்பாரா தெரியாது. தொம்மைக்கு என் நன்றியை நேரில் சொன்னால், "சும்மா இருங்க அண்ணி" என்று ஓடிவிடுவார்.

மார்ச் 23, ஞாயிறு

விழுப்புரம் வரை ஒத்திகை. போகும்போதே முடிந்துவிட்டது.

பாலம் ஏறி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் ட்ரெய்லர் துள்ளியது. அந்தத் துள்ளல் கொக்கி வழியாகப் பொலிரோவுக்குள் வந்து இவர் முதுகில் இறங்கியது. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள், "நிறுத்துடா தொம்மை" என்றார். குரலே வேறாக இருந்தது. ட்ரெய்லரைத் திறந்து பார்த்தேன். பீங்கான் தட்டு எல்லாம் சில்லு சில்லாகக் கிடந்தது.

"பின்னாலேருந்து கழுதை உதைக்கிற மாரி உதைக்குது. நீங்க போய்ட்டு வாங்க அமலா. நான் வரல."

மார்ச் 24, திங்கள்

நேற்று திரும்பியதிலிருந்து இவருக்கு இடது கால் மரத்திருக்கிறது. நான் பள்ளிக்குப் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இவருக்குக் கால் சரியாகிவிட்டது. ஆண்டவருக்கு நன்றி.

தொம்மையோடு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறை தேவாவிடம் போனேன். ட்ரெய்லரின் அடிச்சட்டம் நம் திண்டிவனத்தில் டிராக்டருக்குக் கட்டுகிற அதே சட்டம்தானாம், பார்த்ததும் சொல்லிவிட்டார். கமான் பட்டையைத் தட்டிப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்து அடுக்கிய இரும்புப் பட்டைகள் அவை.

"வீக்கா இருக்குது டீச்சர். பக்கத்துக்கு ரெண்டு பட்டை ஏத்துங்க. ஆனை ஏறுனாலும் அசையாது."

"நீங்களே போட்டுக் குடுங்களேன்."

"மல்லாட்டை சீசன்ல என்னப் போய் கூப்பிடுறீங்களே! அங்க பாருங்க, எத்தினி ட்ரெய்லர் நிக்குது. நீங்களே போட்டுக்கலாம், பெரிய வித்தையெல்லாம் இல்ல."

பட்டறை வாசலில் நிலக்கடலை ஏற்றும் ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன. நானோ ஸ்பேனர் பிடித்தறியாத அறிவியல் டீச்சர். போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் தொம்மையும் நானும் ஆரம்பித்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி — நட்டு ஒன்று துருப்பிடித்துத் திரும்பவே மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் சமர்த்தாகத் திரும்பியது.

விழுப்புரத்தில் வாங்கி வந்த புதுப் பட்டைகளை இரண்டு பக்கமும் ஏற்றி, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்டை முடுக்கிவிட்டோம். தொம்மை மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை.

"பாறை, அண்ணி! பாறை!"

நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு விடுமுறை. கெஞ்சிக் கூத்தாடி இவரைக் கிளப்பினோம்.

முன்பைவிட மோசம். ஊர் எல்லை தாண்டவில்லை, திருப்பச் சொல்லிவிட்டார். வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு தொம்மையைப் பார்த்தார்.

"ஏன்டா, என்னை இன்னான்னு நெனச்சிக்கினு ஏத்துனீங்க? நான் இன்னா மல்லாட்டை மூட்டையா?"

தொம்மை சிரிக்கவில்லை. நானும்.

எங்க தப்பு பண்ணேன்? எல்லாத்தையும் சரியாத்தானே முடுக்கினேன்? அவர் இனிமே வண்டி பக்கமே வரமாட்டார். டயானா பீடத்துக்கு முன்னால நிக்கறப்ப பக்கத்துல நான் மட்டும்.

ஏப்ரல் 16, புதன்

இன்று சாயங்காலம் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து வரும் வழியில் மார்க்கெட் ரோட்டில் நின்றிருந்தேன். மல்லாட்டை ஏற்றிய ட்ரெய்லர்கள் உள்ளே போகின்றன, இறக்கிவிட்டுக் காலி ட்ரெய்லர்கள் வெளியே வருகின்றன. லோடோடு போவது அதே பள்ளத்தில் மெத்தென்று இறங்கி ஏறுகிறது. காலியாக வருவது தடதடவென்று ஒரு முழம் துள்ளுகிறது. ஒரே ரோடு, ஒரே சட்டம், ஒரே பட்டை.

எத்தனை வருடமாக இந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்!

பட்டை வளைந்தால்தான் குலுக்கலை வாங்கும். அதை வளைக்கப் பாரம் வேண்டும். மூட்டை மூட்டையாக ஏற்றுவதற்கு அடித்த பட்டை, ஒரு கட்டிலுக்கும் அடுப்புக்கும் எப்படி வளையும்? போதாததற்கு நான் இன்னும் இரண்டை ஏற்றி இறுக்கியிருக்கிறேன். இந்த ஊரில் வண்டி என்றால் லோடு, நல்ல வண்டி என்றால் அதிக லோடு. தேவாவுக்கும் தொம்மைக்கும் எனக்கும் அதைத் தாண்டி யோசனை போகவில்லை. சுருள்வில் தராசை வகுப்பில் வருடா வருடம் விளக்குகிறவள் நான். சிரிப்பு வந்தது. ரோட்டோரம் நின்று தனியாகச் சிரித்தேன்.

மூட்டையா என்று அவர் கேட்டது கோபத்தில். ஆனால் பதில் அதிலேயே இருந்திருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

எடை மேடைக்கு இழுத்துப் போனோம். மூட்டை வண்டிகளுக்கு நடுவில் எங்கள் வீடும் வரிசையில் நின்றது. எடை போடுகிற சீனுவாசன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா லோடு?"

"ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ்" என்றார் தொம்மை.

வரிசையே சிரித்தது. நினைத்தது சரி. லோடு வண்டியின் பாதி எடைகூட இல்லை. சீனுவாசன் காசு வாங்கவில்லை. "நல்ல நாள்ல வீட்ட எட போட்டிருக்கேன், போங்க" என்றார். நாளை பாஸ்கா, ஈஸ்டர் ஞாயிறு. அவருக்காகவும் வேண்டிக்கொள்வேன்.

ஏப்ரல் 21, திங்கள்

தேவாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏத்தணும்னு வந்தவன் ஆயிரம் பேரு. கழட்டணும்னு வந்தது நீங்கதான் டீச்சர்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா நெசம்தான். காலி வண்டி ஓட்டிக்கினு வர்றவன் இடுப்ப புடிச்சிக்கினுதான் எறங்குவான்."

மெயின் பட்டையைத் தொடக் கூடாது, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர் மாட்ட வேண்டும், அதற்கான தாங்கிகளை அவரே வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார். சீசன் நெரிசலிலும் சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாள் முழுக்க ட்ரெய்லருக்கு அடியில் கிடந்தேன். ஏற்றிய பட்டைகளையும், பழசில் பக்கத்துக்கு ஒன்றையும் கழற்றினோம். மீதியை உப்புத்தாள் போட்டுத் துரு நீக்கி, நடுநடுவே கிரீஸ் தடவி, புது ரப்பர் புஷ் வைத்து மாட்டினோம். தேவா வந்து தாங்கிகளை வைத்தார், ஷாக் நான் மாட்டினேன்.

நடுவில் நிமிர்ந்து பார்த்தால் இவர் கைத்தடியோடு வாசல்படியில் நிற்கிறார்.

"இன்னா, வீட்ட பிரிச்சி வித்துட்டீங்களா?"

"உங்கள மாரி ஆளுக்கு ஏத்த மாரி பண்ணிக்கினு இருக்கோம்ங்க."

"என்ன மாரின்னா?"

"மூட்டை இல்லாத ஆளு."

உதடு லேசாக அசைந்தது. உள்ளே போகவில்லை. முதுகு இடம் கொடுத்தவரை அங்கேயே நின்று, நாங்கள் ட்ரெய்லரின் மூலையை அழுத்துவதையும் அது மெதுவாகத் தாழ்ந்து ஒரே தடவையில் எழுந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 3, சனி

இந்த முறை அவரைக் கேட்கவில்லை. மெத்தையில் நானே படுத்து விழுப்புரம் போய் வந்தேன். பாலங்களில் ஒரு மூச்சு வாங்குவது போல இருந்தது, அவ்வளவுதான். வந்து இறங்கியதும் இவர் என் முகத்தைப் பார்த்தார். எப்படி இருந்தது என்று நானாகச் சொல்லவில்லை. சொன்னால் வற்புறுத்துவது போலாகும்.

மே 10, சனி

காலையில் அவராகவே சட்டை மாட்டிக்கொண்டு, "தொம்மைய கூப்பிடு. ஜல்தி, வெயில் ஏறுறதுக்குள்ள" என்றார்.

முண்டியம்பாக்கம் வந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ட்ரெய்லரில் படுத்து, டீ குடித்து, திரும்பி வந்தோம். வழியெல்லாம் தொம்மைக்குக் கியர் மாற்றச் சொல்லித் திட்டு.

மே 11, ஞாயிறு

எழுந்ததும் அவருடைய இடது பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். "ஐயோ, வலிக்குதுடி!" என்று கத்தினார். பூசையில் இதற்காகவே ஒரு நன்றி சொன்னேன்.

மே 24, சனி, திருச்சி

நேற்று காலை கிளம்பி நான்கு இடத்தில் நின்று வந்து சேர்ந்தோம்.

டயானா பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது, எல்லாப் பெற்றோரையும் போல இவரும் எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் வார்த்தைப்பாட்டை வாசித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு கோவிலுக்குப் பின்னால் ட்ரெய்லரில் படுத்துக்கொண்டார். புது உடுப்போடு அவள் அங்கேயே ஓடி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டிப்பா வந்தே?"

"உங்கம்மா கொண்டாந்தா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மே 27, செவ்வாய்

நேற்றே திண்டிவனம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புறப்படும்போது, "இவ்ளோ தூரம் வந்துட்டோம், வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு போலாமே" என்றார் இவர். தொம்மை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், வண்டி கிழக்கே திரும்பியது.

கடல் சத்தம் கேட்கிறது. ட்ரெய்லர் அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்திருக்கிறேன். வெளியே அண்ணனும் தம்பியும் போனில் மேப்பைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு, ராமேஸ்வரம் எத்தனை மணி நேரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.