‘ஸ்கூட்’ என்றீர்கள், நான் கேட்கவில்லை

எனக்கு எல்லாமுமாக இருந்த என்னங்க,

பேர் சொல்லி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருபத்தொரு வருஷம் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன்.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுவதற்குக் காரணம் சுதா. நம் பெண் என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். உங்களிடம் எப்படிக் கேட்பது?

முதலில் வீட்டுச் சேதி. ராஜகீழ்ப்பாக்கம் வீடு அப்படியே இருக்கிறது. எதிர் மனையில் நாலு மாடி கட்டிவிட்டார்கள், காலை வெயில் இப்போது நம் வாசலுக்கு வருவதில்லை. போன் வந்துவிட்டது. உங்கள் ஆபீசிலேயே கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். தாம்பரத்திலிருந்து பீச் வரை, நீங்கள் போன அதே காலை வண்டியில் போகிறேன். லேடீஸ் பகுதிக்குப் பக்கத்தில் உங்கள் செட் இன்னும் சீட்டு ஆடுகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து “கட் பண்ணு”, “ஜோக்கர் எது?” என்று குரல் வரும். இந்தப் பக்கம் பெண்கள் பூத் தொடுப்பார்கள், கீரை ஆய்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டே போவேன்.

அந்தப் பேச்சை ஒரு காலத்தில் எவ்வளவு வெறுத்தேன். நாலு பேர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து, நடுவில் ஒரு சூட்கேஸ், அதன் மேல் ஒரு துண்டு. தோற்றவர் பீச் ஸ்டேஷனில் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் வாயில் அதே வார்த்தைகள் என்றால் எரிச்சல் வராதா? ஒன்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது, கேட்டதும் இல்லை. சுதா அதை ஸ்கூலில் போய்ச் சொல்லி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்த அன்று உங்களிடம் கத்தினேன். “இந்த வாசப்படிக்குள்ள அந்த பாஷை வேண்டாம்.” நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், ஒரு வார்த்தைகூட வீட்டில் சொல்லவில்லை. நான் சொன்னதை நீங்கள் அப்படிக் கேட்டீர்கள்.

நீங்கள் விழுந்த அன்று, வண்டி சைதாப்பேட்டை தாண்டியதும் உங்கள் கையிலிருந்த சீட்டெல்லாம் கீழே கொட்டியது என்று துரைராஜ் சொன்னார். இரும்புலியூர்க்காரர், துறைமுகத்தில் ஃபிட்டர், வண்டியில் எப்போதும் உங்களுக்கு எதிர் சீட். விளையாட்டுக்கு அண்ணன் சாய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். மாம்பலத்தில் உங்களைத் தோளில் தூக்கி இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தாம்பரத்துக்குத் திரும்பி வந்து பஸ் பிடித்து என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான்.

நாலாம் நாள் கண்ணைத் திறந்தீர்கள். வலது கையும் காலும் அசையவில்லை. நான் குனிந்து, நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். என்னையே வெகுநேரம் பார்த்தீர்கள். உதடு கோணிக்கொண்டு, அப்புறம் தெளிவாக ஒரு வார்த்தை வந்தது.

“ஒரிஜினல்.”

வராந்தாவுக்கு ஓடிப் போய் அழுதேன். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் அப்படியில்லை என்றார். மூளையில் ரத்தம் கசிந்து, பேச்சு இருக்கும் இடத்தில் அடி பட்டிருக்கிறது, நாம் பேசுவது அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது என்றார். சில பேருக்குச் சாமி பாட்டு மட்டும் மிஞ்சுமாம், சில பேருக்குக் கெட்ட வார்த்தை மட்டும். உங்களுக்கு மிஞ்சியது இது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஏழு வார்த்தை. கட், கலை, ஜோக்கர், ஷோ, ஃபுல், ஸ்கூட், ஒரிஜினல்.

முருகா என்று சொல்ல வைக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது நினைவிருக்கிறதா? தினமும் காலையில் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, மு, ரு, கா என்று சொல்லிக் கொடுப்பேன். நீங்களும் கண்ணில் தண்ணீர் வர முயற்சி செய்வீர்கள். கடைசியில் “ஜோக்கர்” என்பீர்கள். ஒரு நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் உட்கார வைத்தேன்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்தது பாவம். இடது கையால் சாப்பிட ஆரம்பித்த புதிதில் நாலு வாய்க்குள் “ஃபுல்” என்பீர்கள். வயிறு நிறைந்துவிட்டதாக்கும் என்று தட்டை எடுத்துவிடுவேன். என் புடவையைப் பிடித்து இழுத்து, “ஃபுல், ஃபுல்” என்று அழுவீர்கள். பத்துப் பதினைந்து நாளில் கன்னம் ஒட்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமை துரைராஜ் பார்க்க வந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் உங்களைப் பார்த்தார், உங்கள் மடியில் சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தார்.

“அண்ணி, ஃபுல்லுன்னா வயிறு ரொம்பறது இல்ல. ஒண்ணும் சேராம மொத்தமா தோத்துட்டா அதான் ஃபுல்லு. கை வாய்க்குப் போவலன்னு சொல்லிகினு கீறாரு.”

பசியோடு இருந்த மனுஷனிடமிருந்து தட்டைப் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கே சுதாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு துரைராஜ் எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரிஜினல் என்றால் ஜோக்கர் துணை இல்லாமல் தானாகச் சேர்ந்த வரிசை, அது இல்லாவிட்டால் கையில் வேறு என்ன இருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்றார். எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரவே இல்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்கூட் என்ற வார்த்தைக்கும் அவர்தான் அர்த்தம் சொன்னார். “சீட்டப் போட்டதும் எடுத்துப் பாக்கறோம். கை சரியில்ல. ஆடிப் பார்த்து ஃபுல்லு வாங்கறதுக்குப் பதிலா, கவுத்து வெச்சுட்டு எழுந்துக்கலாம். கொஞ்சத்தோட போய்டும். ‘நான் ஆடல, என்ன விட்டுடுங்க’ன்னு அர்த்தம் அண்ணி.”

அதற்கப்புறம் நமக்குள் ஐந்து மாதம் நன்றாகவே போனது. ஷோ என்றால் ஜன்னலைத் திற. கலை என்றால் புரண்டு படுக்க வேண்டும். கஞ்சி வேண்டாம் என்றால் ஸ்கூட். பக்கத்து வீட்டு மாமா வந்து தன் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்போது என்னைப் பார்த்து மெதுவாக “ஸ்கூட்” என்பீர்கள். உங்களுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவேன். ஒரு தடவைகூட நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்த ஐந்து மாதமும் அந்த வார்த்தைக்கு இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் ரத்தம் கசிந்து மூளையில் உறைந்திருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். மண்டையைத் திறந்து எடுக்க வேண்டும். பிழைத்தால் இப்போது இருக்கிற மாதிரிகூட இருப்பாரா என்று சொல்ல முடியாது, செய்யாவிட்டால் சில நாள்தான் என்றார். உங்கள் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார். நீங்கள் அரை மயக்கத்தில் இருந்தீர்கள். கால்மாட்டில் துரைராஜ். பேப்பரை என்னிடம் நீட்டினார்கள்.

அப்போது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

“ஸ்கூட்,” என்றீர்கள்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இரண்டாவது தரமும் சொன்னீர்கள். இடது கையைக் கவிழ்த்து, படுக்கை மேல் வைத்தீர்கள்.

“ஒண்ணுமில்ல டாக்டர். சீட்டாட்ட ஞாபகம். அப்பப்ப வரும்.”

நான்தான் சொன்னேன். உடனே கையெழுத்தும் போட்டேன். தள்ளுவண்டியில் உங்களைக் கொண்டு போகும்போது என் முகத்தைத் தேடினீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே கூட நடந்தேன்.

எனக்கு நீங்கள் வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. பேசாமல், நடக்காமல், என்னை யார் என்றே தெரியாமல் கிடந்தாலும் பரவாயில்லை, கட்டிலில் கிடந்தால் போதும் என்று நினைத்தேன். உங்களுக்குப் போதுமா என்று நினைக்கவில்லை.

பதினோரு நாள் கிடந்தீர்கள். தலையில் கட்டு, தொண்டையில் குழாய், மூக்கில் குழாய். வலி வரும்போது நெற்றி மட்டும் சுருங்கும். அந்த ஏழு வார்த்தையில் ஒன்றாவது வராதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கோவை ஹாஸ்டலிலிருந்து சுதா வந்து சேர்ந்தது ஆபரேஷனுக்கு மறுநாள். வந்ததும் கேட்டாள், அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தானே செய்தீர்கள் என்று. சொன்னேன், சரி என்று தலையாட்டினார் என்றேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தேறினாள்.

அந்தப் பொய்தான் இப்போது திரும்பி வந்தது. சுதாவைக் கட்டிக் கொடுத்திருப்பது மேடவாக்கத்தில். நல்ல மனுஷர்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் மாமனாருக்கு மூளையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் வேண்டாம், என்னை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். சுதா விடவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, எங்கள் அப்பா எவ்வளவு முடியாமல் இருந்தும் தைரியமாகச் சரி என்றார், நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் போயிருந்தபோது என் காதாலேயே கேட்டேன். அந்தக் கிழவர் என்னைப் பார்த்தார். உங்கள் பார்வை மாதிரியே இருந்தது. வாங்கின காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலையில் பீச் ஸ்டேஷனில் துரைராஜை நிறுத்தினேன். ஆறு வருஷமாக அவரும் நானும் இதைப் பேசியதே இல்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குத் தப்பாகக் கேட்டதா என்று கேட்டேன். அப்படி ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன், உண்மையைச் சொல்கிறேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னாரு அண்ணி. ரெண்டு வாட்டி சொன்னாரு. கையக் கவுத்தாரு பாருங்க, சீட்டக் கவுக்கற மாதிரியே. எனக்குப் புரிஞ்சிது. நானும் வாயத் தொறக்கலியே. எழுந்து எதிர் சீட்டுக்கு வந்துடுவாருன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

நான் ஆபீசுக்குப் போகவில்லை. அடுத்த வண்டியிலேயே திரும்பினேன்.

அன்றே மேடவாக்கம் போய் சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

“அப்பா கிட்ட இருந்ததே ஏழு வார்த்தை. அதுல ஒண்ணக்கூடவா உனக்குக் கேக்க முடியல?”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், தன் அப்பாவை அவர் இஷ்டப்படியே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம். சுதாவே கிட்ட இருந்து பார்த்துக்கொள்கிறாளாம். அவர் என்ன முனகினாலும் ஓடிப் போய்க் குனிந்து கேட்கிறாளாம்.

நீங்கள் சொல்லுங்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே உங்களை வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். நம் அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, என் மடியில் போயிருப்பீர்கள். அந்தப் பதினோரு நாளை நான் உங்களுக்குக் கொடுத்தேனா, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேனா? தள்ளுவண்டியில் போகும்போது என் முகத்தைத் தேடினீர்களே, கோபத்திலா? இல்லை, பயமாக இருக்கிறது, கூட வா என்றா? அதற்கு உங்களிடம் வார்த்தை இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால், நான் நிமிரவே இல்லையே.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கொடுக்க முடியாதவரிடம் கேட்பதும் ஒரு தந்திரம்தான். ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். சுதாவிடம் எனக்காக வாதாட மாட்டேன். ஆசையால் செய்தேன், அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு போக மாட்டேன். வருகிற ஞாயிறு மேடவாக்கம் போய் அவள் வாசலில் நிற்பேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். அவள் எத்தனை தரம் கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். உங்களுக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் ஒருத்தியாவது இருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். அவளை அங்கிருந்து நகர்த்த மாட்டேன், என்னோடு அவள் பேசாமலே போனாலும்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் மனைவி
விஜயா