பக்கப்பலகையில் இரண்டு தட்டு

என் சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, டூட்டி டூட்டி என்று பட்டினி கிடக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். என் இடுப்பு பழைய கதவு மாதிரி ஆகிவிட்டது, திறந்தாலும் சத்தம் மூடினாலும் சத்தம். உன் அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்தார், அவள் அதைப் போடாமல் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள், புதுசாம், அழுக்காகிவிடுமாம். மாடியில் இருந்த தையல்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார், அந்த மிஷின் சத்தம் இல்லாமல் வீடு காதை அடைக்கிறது. அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. காரணம் பின்னால் வருகிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ சரிப்பா, ஆள் காத்திருக்காங்கப்பா என்று வைத்துவிடுவாய், நானும் விட்டது தொல்லை என்று வைத்துவிடுவேன். ஏழு வருஷமாக நாம் இருவரும் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் உன்னோடு தங்கியிருக்கும் பெண் அம்மாவோடு பேசும்போது விளையாட்டாக ஒன்று சொன்னாளாம். உங்கள் மகள் வீட்டில் கத்தியே வைத்துக்கொள்ள விடுவதில்லை, காய்கறியெல்லாம் நறுக்கிப் பாக்கெட்டில் வருவதைத்தான் வாங்குகிறோம், ஆப்பிளைக்கூடக் கடித்துத்தான் தின்கிறோம் என்று. அம்மா அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள், உங்கள் மகளின் சோம்பேறித்தனத்தைப் பாருங்கள் என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன். நீ ஏன் கத்தியைத் தொடுவதில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். நம் படகில் பெரிய மீன் மாட்டினால் யாருக்கு என்ன வேலை என்பது சின்னப் பிள்ளை முதல் உனக்குப் பாடம். காசு கொடுத்து மீன் பிடிக்க வந்திருக்கும் விருந்தாளி நாற்காலியில் பட்டை மாட்டி உட்கார்ந்து தூண்டில் தண்டின் ராட்டையைச் சுற்றுவார். மீன் பக்கத்தில் வந்ததும் தூண்டில் முள்ளுக்கு முந்தின அந்தத் தடித்த நைலான் நரம்பை உன் அண்ணன் கையுறை போட்ட கையில் சுற்றிப் பிடிப்பான். அவனுக்கு வலப்பக்கம் நீ கத்தியோடு நிற்பாய், ஏதாவது ஏடாகூடம் என்றால் நரம்பை அறுத்துவிட வேண்டியது. நான் மேலே சுக்கானில். எஞ்சின் இரைச்சலில் வாய்ச்சொல் எனக்கு எட்டாது என்பதால் அவன் இடக்கை மோதிரத்தால் படகின் பக்கப்பலகையில் தட்டுவான், அது காதுக்கு வருவதற்கு முன்னால் என் உள்ளங்காலுக்கு வந்துவிடும். ஒரு தட்டு என்றால் மெல்ல முன்னால் போ. இரண்டு தட்டு என்றால் அப்படியே நிறுத்து. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் இருந்த பாஷை. வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூடப் படகில் அந்தப் பாஷை தவறியதில்லை.

அன்று மூக்கில் ஈட்டி வைத்திருக்கும் மீன் வந்தது, நம் படகுக்கு அதுவரை வந்ததிலேயே பெரியது. அண்ணன் நரம்பைப் பிடித்தான், மீன் திரும்பிக் கீழே பாய்ந்தது, கையில் சுற்றியது கழலவில்லை, அவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் கிடைத்தான். துறைமுக அலுவலகத்தில் நம்மைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், பச்சைத் துணி விரித்த மேஜை, ஒரு பக்கம் கால் ஆடும், அந்த அதிகாரி கீழே ஒரு காகிதத்தை மடித்துச் செருகிவிட்டு எழுதினார். எத்தனை தட்டு கேட்டது என்று என்னைக் கேட்டார். ஒன்று என்றேன். அடுத்து உன்னைக் கேட்டார், நீ தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சார் லேட் பண்ணிட்டேன்" என்றாய். அவர் அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் என் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தட்டு கேட்க ஆரம்பித்தது. அம்மா துணி துவைக்கும்போது, பால்காரர் கேட்டைச் சாத்தும்போது, எல்லாமே எனக்கு இரண்டிரண்டாகத்தான் கேட்கும். முடி வெட்டும் கடையில் கடைக்காரர் சீப்பை மேஜையில் இரண்டு தட்டு தட்டினார், நான் பாதித் தலையோடு எழுந்து நின்றுவிட்டேன், என்ன அண்ணாச்சி கத்தரிக்கே பயமா என்று கடை முழுக்கச் சிரித்தது. படகில்தான் மிகவும் மோசம். நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தாலும் காலுக்குக் கீழே வரும். கடைசியில் பக்கப்பலகை முழுக்கத் தடித்த ரப்பர் பாய் வாங்கி ஒட்டினேன். விருந்தாளிகளுக்கு முட்டி இடிக்காமல் இருக்க என்று ஊரெல்லாம் சொன்னேன், என் படகைப் பார்த்து இரண்டு பேர் தங்கள் படகிலும் ஒட்டிக்கொண்டார்கள், பார். உன் அண்ணன் இடத்துக்கு வந்த நெட்டையிடம், இனி நம் படகில் தட்டுவது கிடையாது, எதுவானாலும் தொண்டை கிழியக் கத்து என்று சொல்லிவைத்தேன். நெட்டையை உனக்குத் தெரியும், ஐஸ் பாக்டரியில் இருந்தவன், உன் கல்லூரிப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றியவன். அவனுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் புதுத் தொப்பி, புதுக் கண்ணாடி, எந்த மீனுக்கு எந்த இரை என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டு வந்தார், கரை மறைந்ததும் வாளியில் தலையை விட்டவர்தான், பிறகு நிமிரவில்லை. தண்டு வளைந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தது அந்த அம்மாள். காற்றடித்தால் பறந்துவிடுவது போல ஒல்லி, பேச்சே கிடையாது, ஐம்பது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்கள். டாக்டர் வாளிக்குள் இருந்தபடியே இழு, விடாதே என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை மீன் முழு உடம்போடு எழும்பியது. அதே ஈட்டி மீன். அதேதானா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வெயில் உச்சியில் இருந்தது, கடல் தட்டு மாதிரி கிடந்தது, பேய் பிசாசுக்கான நேரமே இல்லை.

நெட்டை நரம்பைப் பிடித்துச் சுற்றினான். மீன் பக்கத்தில் வந்தது. நான் படகை மெல்ல முன்னால் விட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்தினால் மீன் படகுக்கு அடியில் புகுந்துவிடும். அப்போது காலுக்குக் கீழே வந்தது, டக் டக் என்று. ரப்பர் மேல் தட்டிய மொத்தைச் சத்தம் கிடையாது கண்ணு, வெறும் பலகையில் விரல் மோதிரத்தோடு தட்டும் சத்தம். நான் யோசிக்கவில்லை, என் கை தானாகக் கியரை நியூட்ரலுக்கு இழுத்துவிட்டது. படகு நின்றது, நரம்பு தொய்ந்தது, நெட்டை கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான், மீன் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. டாக்டர் அப்போதுதான் வாளியிலிருந்து எழுந்து, கைக்கு வந்த மீனை விட்டுவிட்டாயே, உனக்கெல்லாம் யார் படகு கொடுத்தது என்று சத்தம் போட்டார். அந்த அம்மாள்தான் நெட்டையின் கையைப் பார்த்துவிட்டு, வாயை மூடுங்கள் என்றார்கள்.

நான் கீழே இறங்கிப் போனேன். நெட்டை கையுறையைக் கழற்றமுடியாமல் உட்கார்ந்திருந்தான். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு நொடி படகு முன்னால் போயிருந்தால் அவன் தண்ணீருக்குள். கத்தப் பார்த்தேன் அண்ணே, குரல் வரலை, நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டான். நீதானே தட்டினாய் என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு கையும் நரம்புல இருந்துச்சுண்ணே. நான் எதை வச்சுத் தட்டுறது?"

படகைக் கரைக்குத் திருப்பினேன். அவர்களை இறக்கிவிட்டு, நெட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் சுரண்டியை எடுத்து அந்த ரப்பர் பாயைக் கிழித்து எடுத்தேன். சாயங்காலம் வரை ஆனது. அண்ணன் எப்போதும் நிற்கும் இடத்தில் பலகையில் சின்னச் சின்னப் பள்ளம், இடக்கை மோதிரம் பட்டுப்பட்டு விழுந்தது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டிரண்டாக. விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

இப்போது சொல்கிறேன் அம்மாடி. அன்று எனக்கு இரண்டு தட்டு கேட்டது. ஒன்றில்லை, இரண்டு. தெளிவாக, உள்ளங்காலில் வந்தது. நாற்காலிக்காரரும் அவர் கூட்டாளிகளும் கத்திக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பெரிய மீன், நிறுத்தினால் போய்விடும், இன்னும் இரண்டு நொடி விட்டுப் பார்ப்போம், பையன் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அந்த இரண்டு நொடி என்னுடையது. நீ நான் சொல்லிக்கொடுத்தபடி நரம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாய், அவன் இடக்கை தட்டியதை நீ பார்த்திருக்க முடியாது. படகு முன்னால் போனதால் நரம்பு பலகையைவிட்டு ஒரு ஆள் தூரம் விலகி ஓடியது, அங்கே உன் கத்தி எட்டாது, என் கையில் இருந்திருந்தாலும் எட்டாது. நீ ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவன் கேட்டதை நான் செய்யவில்லை, அதற்கு நீ பழியை எடுத்துக்கொண்டாய், நான் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை ஒன்றைத் தண்ணீருக்குக் கொடுத்தேன், இன்னொன்றை நீ இருக்கும் அந்தக் குளிருக்குக் கொடுத்தேன். கோழை என்று நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன், அதைவிடப் பெரிய வார்த்தை இருந்தாலும் சொல்லிக்கொள்.

ரப்பர் பாயைக் கிழித்த அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், அலமாரியிலிருந்து இந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நான் அழுறதுக்கு இன்னும் காலம் இருக்கு. மொதல்ல அவளுக்கு எழுதுங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இது நான்காவது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகத் துறைமுக அலுவலகத்துக்குப் போகிறேன். பழைய அதிகாரி மாற்றலாகிவிட்டார், புது ஆள் என்ன செய்வாரோ தெரியாது. படகோட்டும் அனுமதியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். உன் பேருக்கு எதிரில் எழுதியிருப்பதை அடித்துவிட்டு என் பேருக்கு எதிரில் எழுதச் சொல்லப்போகிறேன். நெட்டை கூட வருகிறேன் என்கிறான், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டான், அவன் உயரத்துக்கு அந்த வாசலில் இடித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். போன் எடுக்காமல் இருக்கலாம், அம்மாவிடம் மட்டும் பேசு, அவளுக்கு இப்போது நீ வேண்டும். காதுக்குத் துணி கட்டிக்கொள், ராத்திரி டூட்டி முடிந்தால் தனியாக நடக்காதே. ஒன்றே ஒன்று மட்டும் எனக்காக இல்லாமல் உனக்காகச் செய். கடைக்குப் போய் நல்ல கத்தியாக ஒன்று வாங்கு. உன் கையால் ஒரு வெங்காயம் நறுக்கு. கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடு, பழி சுமக்க இனி நீ வேண்டாம். நீ நல்லாயிருக்க வேண்டும், உன் கை நடுங்காமல் இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயது நீ இருக்க வேண்டும்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வருவதாக இருந்தால் நாள் சொல்ல வேண்டாம், காலிங்பெல் வேலை செய்யவில்லை, கதவில் இரண்டு தட்டு தட்டு. எனக்குக் கேட்கும். எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா