பங்குக் கிணற்றுக்கு வந்த லொறி

கோப்பாய் தெற்கு,
பங்குனி 3

அன்பு மகன் பிரகலாதனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஒஸ்லோக் குளிரில் நீயும் மருமகள் நிவேதனாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று பிள்ளையாரிடம் கேட்டபடியே இருக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே கதைப்பாய், அதனால் எழுதி, அங்கே வருகிற வினோஜாவிடம் மிளகாய்த்தூளோடு கொடுத்து விடுகிறேன். முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படு.

நீ ஏற்பாடு செய்த குழாய்க்கிணறு அடிக்கிற லொறி திங்கட்கிழமை வந்தது, நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அறுபத்தாறு வயதில் அம்மா பங்குக் கிணற்றில் முறை பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்றுதான் செய்தாய், தெரியும், மனம் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் நீ படிப்பில் கெட்டிக்காரன், மண் விஷயத்தில் கொஞ்சம் மக்கு. எங்களுக்கு ஆறு இல்லை, மலை இல்லை. மாரி மழை செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்குகிறது, அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் அதன்மேல் மெல்லிசாக மிதக்கிறது. அளவோடு இறைத்தால் வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் விளையும், ஆழத் துளைத்து இழுத்தால் உப்பு ஏறிவிடும். நாலு குடும்பத்துக்கும் நாளும் நேரமும் பிரித்து இறைப்பு முறை வைத்தவர்கள் வேலையில்லாமல் வைக்கவில்லை.

இது நான் படித்துத் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது. போன ஆவணி வெயிலில் வெங்காயம் வாடியபோது, எங்கள் முறை முடிந்த பிறகும் மோட்டரை நிறுத்தாமல், பக்கத்துத் தோட்டத்துப் பூரணத்தின் முறைக்குள் மூன்று மணித்தியாலம் இறைத்தேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள், ஒருவரும் அறியவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, "குடிச்சுப் பாருங்கோ அக்கா" என்றாள். உப்புக் கரித்தது. மழை வரும்வரை எல்லோரும் அதைத்தான் பாய்ச்சினோம், இளம்பயிராக நின்ற அவளுடைய வெங்காயத்துக்குத்தான் தாள் நுனியெல்லாம் கருகிப் பாதி விளைச்சல் போனது. நான்தான் இறைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லொறி வந்து எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் நின்றது. பூரணம் வந்து பார்த்தாள். "மகன் ஆசையா அனுப்பினது அக்கா, றோட்டிலை நிக்க விடலாமோ" என்று சொல்லி, லொறி உள்ளே வரத் தன் வேலியைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள். குழாய் இறங்கினால் முதலில் உப்பாவது அவள் தோட்டம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? நான் லொறியை மறிக்கப் போவதைக் கண்டு அப்பா, "இஞ்சரப்பா, தனக்கு மிஞ்சித்தானே தானம்" என்று முணுமுணுத்தார். நான் போய் லொறிக்காரரை மறித்து, குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா மத்தியானம் வரை என்னோடு கதைக்கவில்லை, பிறகு பசித்தது.

லொறி போனபின் அந்த வேலியை நானும் பூரணமும் சேர்ந்து கட்டினோம். கட்டும்போது ஆவணியில் நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "தெரியும் அக்கா. நான் கோயிலாலை வரேக்கையும் உங்கடை மோட்டர் ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்றாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

ஆகையால் மகன், நீ குழாய்க்கு ஒதுக்கிய பணத்தை வைத்து வைகாசியில் பங்குக் கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு எடுப்போம், மற்றக் குடும்பங்களும் ஆள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். இதில் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அறிவிக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி, நிவேதனாவைச் சமையலில் தனியே விடாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ அம்மாவின் ஆசி என்றும் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் எங்கள் முறை, அந்த நேரம் எனக்குப் போன் எடுக்காதே. முறை முடிந்ததும் மோட்டரை நிறுத்திவிட்டு நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சீ. தங்கமுத்து