பால் கடை என்று நான் சொன்னது

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக் காலை பண்ணை முதலாளி மாத்தயா வந்துவிட்டுப் போகும் வரைக்குமாவது வேண்டாம்.

அப்பா, உங்கள் மழைக் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு அம்மா அதைத் துவைக்கவில்லை. வெட்டின புல்லும் சாணமும் கலந்த வாசம் இன்னும் அதில் இருக்கிறது. நீங்கள் வத்தேகம பஸ்ஸில் வந்து இறங்கித் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குள் நுழையும்போது முதலில் வருவது இந்த வாசம்தான். பிறகுதான் நீங்கள், கையில் பால் போத்தலோடு. “மாடு பாக்குறேன்” என்று மட்டும் எல்லோரிடமும் சொல்வீர்கள். பால் வருவதால் அது பால் பண்ணை என்று அம்மா நினைத்தார். லயமே நினைத்தது. நானும்தான்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னை மடுல்கெல்லப் பக்கம் இருக்கும் அந்தப் பண்ணைக்குக் கூட்டிப் போனீர்கள். பால் கறக்கும் இடம் எங்கே என்று கேட்டேன். மாத்தயாவின் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு பசுக்களைக் காட்டினீர்கள். மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த மற்றதெல்லாம் இறைச்சிக்கு என்றீர்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னீர்கள்.

அப்புறம் கண்டியிலிருந்து ஒரு வேன் வந்தது. பண்ணையின் கடையில் இறைச்சி வாங்குகிறவர்கள். தாங்கள் வாங்குவது எங்கே, எப்படி வளர்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மாத்தயாவின் எண்ணம். முன்னால் நடந்து காட்டியது நீங்கள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற நீங்கள், அங்கே சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினீர்கள். புல்லைக் கிள்ளி அவர்கள் கையில் கொடுத்தீர்கள். கம்பு எடுக்காமல் மாடுகளை எப்படித் திருப்புவது என்று காட்டினீர்கள். ஒரு கறுத்த காளை வந்து உங்கள் முதுகில் முட்டியது. “இவருக்கு மாப்பிள்ளைன்னு நெனப்பு, முன்னுக்கு வந்து நிக்கணும்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

முக்காடு போட்ட ஒரு அம்மா கேட்டார், “அப்ப நீங்க இத தின்றல்லயா தம்பி?”

“நான் தின்றதில்லம்மா. ஆனா நீங்க திங்கப் போறது எப்புடி வளந்துச்சுன்னு நான் ஒங்களுக்குச் சொல்லணும்ல.”

தின்னாத ஆள் சொன்னால் அதில் பொய் இருக்காது என்றார் அவர்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள், “அம்மாகிட்ட அது பாலாவே இருக்கட்டும் பாப்பா.”

இரண்டும் ஒரே நாளில். அதுதான் அப்பா எனக்கு விளங்கவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னீர்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. மாட்டுப் பொங்கலன்று அந்தக் காளைகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்களாம். பிறகு வெட்டக் கொண்டுபோக லொறி வந்தால் நீங்களே ஏற்றியும் விடுவீர்கள். சில நாள் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வீர்கள். அம்மா கேஸ்டிக் என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அதெல்லாம் லொறி வந்த நாட்கள்தானா? ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் எடுத்த பால்குடத்தில் இருந்ததும் அந்த இரண்டு பசுக்களின் பால்தானே. அம்மன் ஏற்றுக்கொண்டாளா, இல்லையா? யாரிடம் கேட்பது?

போன வாரம் மாத்தயா போன் எடுத்தார். சிங்களம் என்பதால் அம்மா என்னிடம் தந்தார். கண்டிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்த மனுசன் எங்கே என்று உங்களைக் கேட்கிறார்களாம். செத்துப்போனார் என்றதும் சிலர் அழுதார்களாம். உங்கள் படத்தைக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும், அம்மாவிடம் நேரில் வந்து கேட்கிறேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன், பண்ணையின் கடையில் மாட்டப் போகிறார்களாம் என்று.

“பால் கடையிலயா?” என்று கேட்டார்.

ஆமாம், பால் கடை என்றேன்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து எத்தனை நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னார். அதோடு விட்டாரா? ஒரு படத்தையும் எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறும் தலையில் பால்குடமுமாக நீங்கள் நிற்கிற படம். பால் கடைக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்கிறார்.

நாளைக்கு மாத்தயா பேசப் பேச நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னால் அம்மா லயத்தில் தலைநிமிர்ந்து நடப்பாரா? கோயிலில் உங்கள் பேரை எப்படிச் சொல்வார்கள்? சொல்லாவிட்டால் இறைச்சி தொங்குகிற இடத்துக்கு மேலே அந்தப் பால்குடம் தொங்கும். கண்டிக்குப் போகிற எங்கள் ஆட்களில் யாராவது ஒருநாள் பார்க்கத்தான் போகிறார்கள். படமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் அங்கேதான் அப்பா நீங்கள் சிரித்துப் பேசி நான் பார்த்தது. அதை எப்படி வேண்டாம் என்பேன்?

நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். இப்போது என்னிடம் இருப்பது உங்கள் குரலில் அந்த ஒரு சொல்தான். “சொல்லணும்ல.” அவர்களுக்கு என்றால் அம்மாவுக்கும்தானே? பயமாக இருக்கிறது. ஆனாலும் காலையில் மாத்தயா வருவதற்கு முன்

கதவு தட்டும் சத்தம். அம்மா.

“பாப்பா, முழிச்சிருக்கியா? அந்தப் பால்குடம் படத்தத் திருப்பி உள்ளுக்கே வச்சிட்டேன். லயத்துக்கு அது எப்பவும் போல பால் கடையாவே இருக்கட்டும். ஆனா எறச்சிக் கடையில அத எப்புடி மாட்டுறது? வேற ஒன்னு தேடணும், வா.”

அப்பா, அம்மாவுக்குத்