எந்தப் பாஷையில் எண்ணுவது

சமயநல்லூர்
6.9.1982, திங்கள், மாலை 5.15

கனகத்துக்கு,

நீ பிரசவத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு உன் அப்பா கதவைத் திறக்க மாட்டார். அதனால் தபால்காரரை நம்பியிருக்கிறேன்.

கால் வீக்கம் குறைந்ததா? அதையாவது எழுது.

நாம் சண்டை போட்ட விஷயத்தை நிதானமாகவே திரும்பச் சொல்கிறேன். பிறக்கப்போகும் பிள்ளையிடம் நம் வீட்டில் தமிழ் மட்டும் பேசினால் போதும். உங்கள் சௌராஷ்டிர பாஷையும் சேர்ந்தால் குழப்பம்தான். வகுப்பில் பார்க்கிறேனே. துளசிராம் என்று உங்கள் தெருப் பையன் என்னிடம் மோட்டார் வைண்டிங் படிக்கிறான். ஃபேன் காயிலுக்கு இருநூற்று எண்பது சுற்று. மெஷினில் சுற்று எண்ணும் மீட்டர் கெட்டுப்போனதால் வாய்விட்டு எண்ணச் சொல்லியிருக்கிறேன். இவன் உங்கள் பாஷையில் முணுமுணுத்தான். "எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல எண்ணுடா" என்றேன். பாதியில் தடுமாறி விட்டுவிட்டான். கம்பி வீண். திட்டினேன். அடுத்து வந்த மொக்கையன், களத்தில் நெல் அளப்பதுபோல "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தான். ஒன்று என்பதற்கு லாபம் என்றே தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். துளசிராம் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கும் வரவில்லை.

நீ எப்போது வருகிறாய்?

நல்லகாமன்


சிம்மக்கல்
11.9.82

அன்புள்ள மாமாவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. பகலெல்லாம் மாடி அறையில் படுத்திருக்கிறேன். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. கீழே அம்மா மல்லிகை கட்டுகிறாள். எங்கள் பாஷையில் அவள் பூ எண்ணுகிற சத்தம் மெதுவாகப் படியேறி வருகிறது. பாதிக் கனவில் அது தூறல் மாதிரி இருக்கிறது. உள்ளே பிள்ளை அசையாமல் கேட்கிறது. அதற்கு ஒரு குழப்பமும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மொக்கையனை ஏன் திட்டவில்லை? லாபம் என்பது உங்கள் அப்பா நெல் அளந்தபோது கேட்டது, அதனால் காதுக்கு இனித்தது. துளசிராம் எண்ணியதும் அவன் வீட்டில் கேட்டதுதானே? நான் படித்ததெல்லாம் தமிழில். ஆனாலும் நம் வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போது மனசுக்குள் எங்கள் பாஷையில்தான் எண்ணுவேன். ஒரு வருஷம் பக்கத்தில் இருந்தும் உங்களுக்குத் தெரியாது. தெரிய விடவும் எனக்குத் தைரியமில்லை.

"மாமா" என்று உங்களைக் கூப்பிட உங்கள் அக்கா ஒச்சாயியிடம் கற்றுக்கொண்டேன். நீங்கள் என்னிடம் எங்கள் பாஷையில் ஒரு வார்த்தையாவது கேட்டதுண்டா?

முதலில் அந்தப் பையனைப் போய்ப் பாருங்கள். வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கனகலட்சுமி


சமயநல்லூர்
20.9.82, திங்கள்

கனகத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இருந்தும் சனிக்கிழமை துளசிராம் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. உன் மாடி ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன்.

பையனின் அம்மா ராதாமணி என்னை உட்கார வைத்துவிட்டு, உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து ஏதோ பதில். பிறகு சிரிப்பு. என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது. டிப்ளமா படித்தவன், பத்து நிமிஷம் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி, "தப்பா நெனைக்காதீங்க சார். நம்ம கனகத்தோட வீட்டுக்காரருன்னு சொன்னேன். மாப்பிள்ளைக்கு வெறுங்காப்பியா கொடுக்கிறதுன்னு உள்ள ஒரே சண்டை" என்றார்.

உங்கள் தெருவில் என்னை மாப்பிள்ளை என்ற முதல் ஆள்.

பையன் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "தமிழ்ல எண்ணுனா வாய் ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது சார்."

இன்று பையன் வகுப்புக்கு வந்தான். அவரவர் பாஷையில் எண்ணலாம், பத்துக்கு ஒரு கோடு சிலேட்டில் போட்டால் போதும் என்றேன். கோடு எனக்குப் புரியும். "அப்ப நான் லாபம்னே எண்ணவா சார்?" என்றான் மொக்கையன். "எண்ணித் தொலைடா" என்றேன்.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாக எண்ணினார்கள். தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் கிடந்தது. தாமிரக் கம்பி மினுங்கியது. இரண்டு பாஷையும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாத ஒரு ரீங்காரம். நின்றபடியே கனவு காண்பது போலிருந்தது. எனக்குக் கனவெல்லாம் வராது, உனக்குத் தெரியும்.

துளசிராமின் ஃபேன் ஓடுகிறது. நீ சொன்னதைச் செய்துவிட்டேன். இனி வரலாமே?

நல்லகாமன்


சிம்மக்கல்
3.10.82

அன்புள்ள மாமாவுக்கு,

புதன்கிழமை விடியற்காலையில் பெண் பிறந்தாள். உங்கள் நெற்றி. இருவரும் சுகம்.

துளசிராம் தெருவெல்லாம் உங்கள் புகழ் பாடுகிறானாம். கேட்கச் சந்தோஷம். ஆனால் வகுப்பைப் பற்றி அவ்வளவு எழுதினீர்கள், வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

இங்கே அப்பா, பிள்ளையிடம் தமிழ் பேசாதே என்கிறார். நேற்று "ஏண்டி அழறே?" என்று கேட்டதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே நீங்கள், இங்கே அவர். இரண்டு வீட்டிலும் பாதிப் பிள்ளையைத்தான் உள்ளே விடுவீர்கள் போலிருக்கிறது. முழுப் பிள்ளைக்கு இடம் இருக்கிற வீட்டுக்குத்தான் நான் வருவேன். அது உங்கள் வீடா என்று நீங்களே சொல்லுங்கள்.

கனகலட்சுமி


சமயநல்லூர்
5.10.82, செவ்வாய், காலை 11.40

கனகம்,

பள்ளி லீவில் துளசிராமையும் பார்க்கவில்லை. கடிதம் இப்போதுதான் வந்தது. ஒச்சாயி அக்கா அதற்குள் தெருவுக்கே சீனி கொடுத்துவிட்டாள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ கேட்டது சரி. பள்ளியில் மாறுவது சுலபம், அங்கே நான் வாத்தியார். வீட்டில் அப்படி இல்லை. குழப்பம் என்று நான் சொன்னது சாக்கு. நீயும் அவளும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிச் சிரித்தால், என் வீட்டிலேயே நான் வெளியாள் ஆகிவிடுவேனோ என்று பயம். அவ்வளவுதான்.

நல்லகாமன்

இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவோடு வருகிறேன். உன் அப்பா கதவைத் திறக்காவிட்டால் சாயங்காலம் மறுபடி தட்டுவேன்.

2. அவரிடம் வாதாட மாட்டேன். "நீங்க உங்க பாஷையில கொஞ்சுங்க, நான் என் பாஷையில கொஞ்சிக்கிறேன்" என்பேன்.

3. பெயரை நீயே வை. என் நாக்கில் புரளாவிட்டால், புரளும்வரை கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

4. நம் வீட்டில் அவளிடம் உன் பாஷையில் பேசு. நான் உள்ளே வந்தால் நிறுத்தாதே.

5. நீங்கள் சிரித்தால் என்னவென்று கேட்பேன். சொல்ல மனமில்லாவிட்டால் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.