விளக்கேற்றினால் அடங்கும் குரல்

அன்பு மகன் பிரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மருமகள் பவ்யாவும் குழந்தை சுவேதாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசால் சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். எதிர்வீட்டு அஞ்சலையின் மகன் மனோகரன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு. பவ்யா மாதாமாதம் நடிக்கிறாள், முத்தாபுதுப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று சொன்னாய் அல்லவா, அதற்கு என் பதில் இது.

மேல்வீட்டில் இருந்த வேலப்பன்சாவடி காலேஜ் பையன்கள் படிப்பு முடிந்து காலி செய்ததிலிருந்து அது பூட்டித்தான் கிடந்தது. மாசி கடைசியில் ஒரு நாள் உச்சிப்பொழுது, பவ்யா குழந்தையைத் தூங்க வைக்க அறைக்குள் போய்விட்டாள், நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் இறங்குகிறதே, அதற்குள்ளிருந்து ஒரு பெண் அழுகிற சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. வெறும் அழுகை என்றால்கூட மனசைத் தேற்றிக்கொள்வேன், அது பேசியது. என்ன பேசுகிறது என்று தெரியாது, கொஞ்சம் பேசும், நிற்கும், எதிரில் யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் நிற்கும், மறுபடி பேசும். அந்த நிற்கிற நேரத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும். உன் அப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு, பூட்டு போட்டபடி இருக்கிறது, குழாயில் காற்று புகுந்திருக்கும் என்றார், சொல்லிவிட்டு மறுநாளே ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். அஞ்சலைக்கும் கேட்டுவிட்டது. "இன்னா சொர்ணக்கா, உன் மேல் ஊட்ல எவளோ அழுதுகினு கீறா, யாரையும் குடி வெச்சிடாதே" என்று என்னிடம் சொன்னதோடு விட்டாளா, தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். வீடு பார்க்க வந்த ஐடி கம்பெனி ஜோடி தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது.

சில நாள் கேட்கும், பிறகு பட்டென்று நின்றுவிடும், அடுத்த மாதம் திரும்ப வரும். ஒன்றை நான் கவனித்தேன். நம் வீட்டில் சாயங்கால விளக்கை ஏற்றுகிறவள் பவ்யாதானே, என்றைக்கெல்லாம் நான் ஏற்றுகிறேனோ அதற்குப் பிறகு குரல் வருவதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அம்மன் என் கைக்கு அப்படி ஒரு சக்தி கொடுத்திருக்கிறாள் என்று அஞ்சலையிடம் பெருமை அடித்துக்கொண்டேன், நீ சிரிக்காதே. ஆனி மாதம் குரல் தொடங்கிய அன்றே பவ்யா கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி நானே விளக்கை ஏற்றினேன். மறுநாள் உச்சியில் குரல் வந்தது. அன்றைக்கும் ஏற்றினேன், அதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக வந்தது. சாமி அலமாரிக்கு முன்னால் நின்று யோசித்தேன். மற்ற மாதங்களில் நான் எதற்காக விளக்கேற்றினேன்? அவளுக்கு மாதாமாதம் வருகிற தூரம் வந்து, அத்தை நீங்கள் ஏற்றுங்கள் என்று அவள் ஒதுங்கிக்கொண்டதால். குரல் நின்றது என் விளக்கால் இல்லை, அவளுக்குத் தூரம் வந்ததால். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் பேய் என்று நினைத்திருந்தபோது வராத நடுக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அடுத்த நாள் குரல் கேட்டதும் பவ்யாவின் அறையைத் திறந்தேன். குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கப் படியில் ஏறினேன், முன்கதவில்தான் பூட்டு, துணி துவைக்கிற பக்கத்துக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மட்டும் இருட்டு. குளியலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மெல்லத் திரும்பினாள், முகம் நம் பவ்யாவின் முகம்தான், பார்வை அவளுடையது இல்லை. ஓடிவிடலாம் என்றிருந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். "அத்தே, கொயந்தைய அடிச்சிடுவேனோன்னு பயமா கீது, அதான் மேல வந்துடறேன். அது வர்றதுக்கு முன்ன யாரோ எனக்குள்ள உக்காந்துகினு நீ செத்துப் போ, செத்துப் போன்னு சொல்றா மாதிரி கீது. வந்துட்டா எல்லாம் போயிடுது, நானா அப்டி நெனச்சேன்னு எனக்கே தெரியல" என்றாள். கையில் போன். காதோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன். "அவுரு கட் பண்ணிட்டாரு அத்தே, நான் பாட்டுக்குப் பேசிகினு கீறேன்" என்றாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். அன்றைக்கு அஞ்சலைக்கு இரண்டு பேய் கேட்டிருக்கும்.

மறுநாளே ஐயப்பன்தாங்கலில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்துக்கு முன்னால் ஹார்மோன் ஏறி இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் உண்டாம், பல பேருக்கு மார் கனத்து வலிப்பது, வயிற்று உப்புசம், கொஞ்சம் சிடுசிடுப்பு என்று போய்விடும், சிலருக்கு மனசையே புரட்டிப் போட்டுவிடுமாம். நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். தினமும் மனசு எப்படி இருந்தது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். காபியையும் உப்பையும் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், அதோடு இவளுக்குக் கடுமையாக இருப்பதால் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் தனியாக விடவே கூடாது, உடனே கூட்டிவர வேண்டும் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். உன் அப்பா பூசணிக்காயை அவிழ்த்துவிட்டு, மேல்வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். இப்போது கொஞ்சம் தேவலை, முழுக்கச் சரியாக இன்னும் நாளாகும்.

ஆகையால் அவளை எங்கேயும் கொண்டுபோய் விட மாட்டேன், இது அவள் வீடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், உனக்கு வரப்போவதில்லை, அதனால் கேட்டாவது தெரிந்துகொள். வேலை நேரம் என்பாய். சாயங்காலம் கூப்பிடுகிறேன் பவ்யா என்று ஒரு வார்த்தை சொல்ல எந்த மேனேஜர் தடுக்கப்போகிறான்? வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி. நீயும் அவளும் குழந்தையும் நூறு வருஷம் ஒன்றாக வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்றை மறக்காதே. அது, அவளுக்குத் தூரம் வருவதற்கு முந்தின வாரம். அழ வேண்டும்போல் இருந்தால் மேலே போகிறாள், நான் தடுப்பதில்லை, நானும் கூடப் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு போன் போடுவாள். கொஞ்சம் பேசுவாள், நிறுத்துவாள். பேய் என்று நினைத்தபோது என்னைச் சில்லிட வைத்தது அந்த இடைவெளிதான், இப்போது அது உன் இடம் என்று தெரிந்த பிறகும் எனக்குச் சில்லிடுகிறது. பதில் சொல், பிரசன்னா. நான் படியில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சொர்ணம் தங்கவேல்