என் ரத்தத்தில் நீ பார்த்தது

பென்னாகரம் பேருந்து நிலையச் சுவரில் உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டியை இன்று காலை பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. ஏரியூர் பஸ் கிளம்பும்வரை அதன் எதிரிலேயே நின்றேன். அழுகை வரவில்லை. உன்னிடம் கேட்காமல் விட்டதெல்லாம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் அங்கன்வாடி வேலைக்குப் போனேன். நீ லேப் படிப்பு முடித்து டவுனில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாய். எனக்குக் கல்யாணமான வருஷம் காய்ச்சல் வந்தபோது வேறெங்கு போவேன்? உன்னிடம்தான் கையை நீட்டினேன். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும்; முப்பதாயிரம்தான் என்றது மெஷின். காய்ச்சல் விட்டது, எண்ணிக்கை ஏறவில்லை. என் உடம்பே பிளேட்லெட்டை அழிக்கிறது என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். எண்ணிக்கை ஏறும்வரை பிள்ளை வேண்டாம், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகலாம் என்றார்.

மாத்திரையால் முகம் ஊதிப்போனது. தூக்கம் போனது. மாமியார் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. உறவினர் வந்தால் மட்டும் என்னை உள்ளேயே இருக்கச் சொன்னார். மாதாமாதம் உன்னிடம் வந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்து நான் அழும்போது தோளைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ ஏறிடும்டி, மாத்திரைய வுட்டுடாத" என்பாய்.

கடைசியில் வீட்டுக்காரர் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா என் கைகால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ கம்மின்னா எங்கியாச்சும் ரத்தம் கசியணுமேம்மா. ஈறுல, தோல்ல?" எங்கும் இல்லை என்றேன். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பிறகு விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஒரு மருந்து உண்டு. சிலருடைய பிளேட்லெட்டுகள் அது பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒவ்வொன்றின் பருமனைப் பார்த்து எண்ணுவது. கொத்தாகிவிட்டதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. "குறைஞ்சது குழாய்க்குள்ளதாம்மா. உங்க உடம்புல இல்ல." வேறு மருந்துள்ள நீல மூடிக் குழாயில் எடுத்தபோது எண்ணிக்கை சரியாக இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக உன்னிடம்தான் ஓடி வந்தேன். மெஷினை இருவரும் சேர்ந்து திட்டலாமென்று. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்ட நீ, திடுக்கிடவில்லை. கையுறையை மெதுவாகக் கழற்றினாய்.

"தெரியும்டி."

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது தடவ நீ வந்தப்பவே. மனசு கேக்காம ஸ்லைடு போட்டுப் பாத்தேன். கொத்துக் கொத்தா ஒட்டிட்டு இருந்துச்சு."

முதலாளியிடம் சொன்னாயாம். டாக்டர் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார், இப்போது நம் ரிப்போர்ட் தப்பு என்றால் இனி யாரையும் நம்மிடம் அனுப்ப மாட்டார், வாயை மூடு என்றாராம். "வேல போயிட்டா நான் எங்கடி போவேன்?"

"ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். எங்க வூட்டுக்கு வந்து என் காதுல சொல்லியிருக்கலாமே?"

வெளியே யாரோ ரிப்போர்ட் கேட்டார்கள். எழுந்து போனாய்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிறகு மகள் பிறந்தாள். பார்க்க வந்தாய். அவளை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா சாடைடி" என்றாய். நான் வேறொரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாய். இன்னொரு நாள் சொல்வாய் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒகேனக்கல் சாலையில் உன் வண்டி மீது லாரி மோதிய செய்தி வந்தது.

இப்போது எங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாலும் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்: "எனக்கு ஊதா மூடியில கட்டிக்கும். ஸ்லைடும் பாத்துடுங்க." அங்கன்வாடிக்கு வரும் தாய்மார்களிடமும், உடம்புக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். மற்றவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்தித் தேடுவார்கள். நீ மட்டும் விரலால் ஒருமுறை தடவிவிட்டு வலிக்காமல் எடுத்துவிடுவாய். அத்தனை மாதமும், தெரிந்துகொண்டே, அதே பக்குவத்தோடுதான் எடுத்தாய். உன் மீதுள்ள கோபத்தில் எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.